நடந்து கற்ற பள்ளி

கல்வி நான்கு சுவர்களுக்குள் அடங்குவதன்று. சுவிற்சலாந்து தேசத்து ஜெனீவா நகரில் வாழ்ந்த றொடோல்ப் தெப்பர் (1799–1846) என்னும் ஆசிரியரின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

ஓவியரின் மைந்தரான இவர் தாமும் ஓவியராக விரும்பினார். கண்நோய் தடையாயிற்று. ஆகவே ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு, 1820களில் விடுதிப் பள்ளியொன்றை நிறுவினார்.

விடுமுறை வந்ததும் மாணாக்கரை அழைத்துக்கொண்டு அல்ப்சு மலைவழிகளிலும் ஏரிக்கரைகளிலும் பல நாட்கள் நடப்பார். கோமோ ஏரிக்கும், 1841இல் வெனிசு நகருக்கும் சென்றனர். மொன் பிளாங் மலையையும் சுற்றிவந்தனர்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே எனினும் அவரவர் பையை அவரவரே சுமந்தனர். நடந்து களைத்தவனுக்கே எளிய உணவின் சுவை தெரியும் என்பது ஆசிரியரின் கொள்கை. வண்ணந்தீட்ட இயலாத அவர், வழியிற் கண்டவற்றைக் கோட்டுச் சித்திரங்களாக வரைந்து வருணித்தார். அவை 1844இல் பாரிசு நகரில் நூலாக வெளிவந்தன.

அவர் மறைந்த மறு ஆண்டு, 1847இல், சூரிச் நகரிலிருந்து பாடன் நகருக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கியது. பின்னர் மலைகளிலும் இருப்புப்பாதை ஏறியது. ஊர்தி நம்மை விரைவில் கொண்டுசேர்க்கும். ஆயினும், தளர்ந்த தோழனுக்காகத் தன் நடையைக் குறைத்துக்கொள்ளும் பண்பை ஊர்தியில் எவ்வாறு பயில்வது? சங்க இளைஞரும் அவர்களை வழிநடத்தும் பெரியோரும் இதனைச் சிந்திப்பார்களாக.