குறுகியகால வீட்டு வாடகை: தமிழ்நாட்டில் விதிகள் வளர்ந்த வரலாறு

குடியிருப்பு வீட்டையோ அதன் ஓர் அறையையோ பயணிகளுக்குச் சில நாள்கள் மட்டும் கட்டணத்துக்குத் தங்கக் கொடுப்பது குறுகியகால வீட்டு வாடகை எனப்படுகிறது. இணையவழி முன்பதிவுடன் பிறந்த தொழில் என்று இது பலராலும் எண்ணப்படுகிறது. ஆயினும் திருவிழா ஊர்களிலும், குற்றாலம் போன்ற சீசன் ஊர்களிலும் வீட்டை நாள் வாடகைக்கு விடும் வழக்கம் பழையது. இதற்கான விதிகள் ஒரே சட்டமாக இயற்றப்பட்டவை அல்ல. கொள்ளைநோய், அயல்நாட்டார் வருகை, வீட்டுப் பற்றாக்குறை, காட்டுப் பாதுகாப்பு என ஒவ்வொரு காலத்தின் கவலைக்கும் ஏற்ப அவை தனித்தனியே உருவாயின. அதனால்தான் இன்றைய வீட்டு உரிமையாளர் பல சட்டங்களை ஒருசேரக் கவனிக்க வேண்டியுள்ளது.

சத்திரங்களின் காலம்

தமிழகத்தில் வழிப்போக்கர்கள் தங்குவதற்கு முதன்மையான இடமாக இருந்தவை சத்திரங்களும் சாவடிகளும் ஆகும். மதுரையில் இராணி மங்கம்மாள் பெயரில் உள்ள சத்திரமும், தஞ்சை மராத்தியர் ஒரத்தநாட்டில் அமைத்த முத்தாம்பாள் சத்திரமும் இவற்றுள் புகழ்பெற்றவை. இவை அறக்கொடையால் நடந்தவை; தங்குபவரிடம் வாடகை பெறும் நோக்கம் கொண்டவை அல்ல. எனவே சென்னை மாகாணத்தின் 1817ஆம் ஆண்டு 7ஆம் ஒழுங்குவிதி, சத்திரங்களுக்கு விடப்பட்ட மானியங்கள் முறையாகச் செலவிடப்படுகின்றனவா என்பதிலேயே கருத்துச் செலுத்தியது. அந்தக் கண்காணிப்பு வருவாய் வாரியத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

கொள்ளைநோயும் பதிவும்

பணம் பெற்றுத் தங்கவைக்கும் வீடுகளின் மீது அரசின் பார்வை திரும்பக் காரணமானது காலரா. 1866இல் கான்ஸ்டாண்டிநோபிளில் நடந்த பன்னாட்டுச் சுகாதார மாநாடு, இந்தியாவின் யாத்திரைக் கூட்டங்கள் நோய் பரவ வழிசெய்வதாகச் சுட்டியது. அடுத்த ஆண்டு அரித்துவார் கும்பமேளாவை ஒட்டிக் காலரா பரவியது. பூரியில் யாத்திரிகர்கள் சிறு வீடுகளில் நெருக்கியடித்துத் தங்கியதால், வங்க அரசு 1871இல் பூரி தங்கும் விடுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. யாத்திரிகரைத் தங்கவைக்கும் வீட்டுக்கு உரிமம் தேவையாயிற்று. ஒரு வீட்டில் எத்தனை பேர் தங்கலாம் என்பதும் வரையறுக்கப்பட்டது.

இதற்கு முன்பே, 1867ஆம் ஆண்டு சராய்கள் சட்டம் வட இந்தியப் பகுதிகளில் பயணியர் விடுதிகளைப் பதிவு செய்யச் சொன்னது. தூய்மையைப் பேணுதல், தொற்றுநோய் கண்டவரைப் பற்றித் தகவல் தருதல், கட்டணப் பட்டியலைப் பார்வையில் வைத்தல் ஆகியவை விடுதி நடத்துபவரின் கடமைகளாயின.

1939ஆம் ஆண்டுச் சட்டம்

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை திருப்புமுனையாக அமைந்தது 1939ஆம் ஆண்டு சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். இச்சட்டத்தில் தங்கும் விடுதிகளுக்கும், சந்தைகள், திருவிழாக்களுக்கும் தனித்தனியே பிரிவுகள் உள்ளன. ஓட்டல், சத்திரம் ஆகியவற்றோடு நில்லாமல், தற்காலிகமாக வருவோருக்குக் கட்டணம் பெற்று உறங்க இடம் தரும் எந்த இடமும் தங்கும் விடுதி என இது வரையறுத்தது. அத்தகைய இடத்தை நடத்துபவர் உள்ளாட்சியிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டுத் திண்ணையை விழா நாள்களில் வாடகைக்கு விடுபவரையும் தொடக்கூடிய அளவுக்கு இவ்வரையறை விரிவானது.

அதே ஆண்டு, அயல்நாட்டாரைப் பதிவு செய்யும் சட்டமும் வந்தது. தங்கவைப்பவர் அயல்நாட்டு விருந்தினரைப் பற்றிய விவரங்களைத் தெரிவிக்கும் ‘படிவம் சி’ முறை அதன் வழியே வளர்ந்தது. அச்சட்டத்துக்கு மாற்றாகக் குடியேற்றம் மற்றும் அயல்நாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. எனினும், தகவல் தரும் கடமை தொடர்கிறது.

வாடகைச் சட்டங்கள் விட்ட இடைவெளி

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நகரங்களில் வீடு கிடைப்பது அரிதானதால் வாடகைக் கட்டுப்பாடு பிறந்தது. அதன் வளர்ச்சியான 1960ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுக் கட்டடங்கள் (குத்தகை, வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், ஓட்டல் அல்லது உண்டுறை விடுதியின் அறையைத் தன் வரம்பிலிருந்து விலக்கியது. நிலையாகக் குடியிருப்பவரைக் காப்பதே அதன் நோக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டமும் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உறவையே மையமாகக் கொண்டது. இரண்டு இரவு தங்கிச் செல்பவர் வாடகைதாரரும் அல்லர். ஓட்டல் விருந்தினரும் அல்லர். இந்த நடு இடத்தில்தான் இன்றைய வீட்டுத் தங்கல் வளர்ந்தது.

மலையும் இணையமும்

இந்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் ‘படுக்கை, காலை உணவு’ திட்டம் வீட்டுத் தங்கலுக்கு இலக்கணம் வகுத்தது. உரிமையாளரின் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். வாடகைக்கு விடும் அறைகள் ஆறுக்கு மேற்படக் கூடாது. நடைமுறையில் உரிமையாளர் இல்லாத முழு வீடுகளும் இதே பெயரில் இயங்கின. 2021 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் மசினகுடியில், தங்குமிடத்தை அண்டிய காட்டு யானை மீது தீப்பற்றிய பொருள் வீசப்பட்டது. காயமடைந்த அந்த யானை இறந்தது. அதையடுத்து அப்பகுதியில் உரிமமற்ற தங்குமிடங்கள் பூட்டி முத்திரையிடப்பட்டன.

வெளிநாடுகளில் கவலை வேறு. நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல், 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுபவர் பதிவு செய்துகொண்டு, விருந்தினருடன் தாமும் அதே வீட்டில் தங்க வேண்டும். உள்ளூர் மக்களுக்கு வீடு கிடைக்காமையால், சுற்றுலா வீட்டு உரிமங்களை 2028க்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக பார்சிலோனா நகராட்சி 2024இல் அறிவித்தது.

சிற்றூர்களின் நிலை

விருதுநகர் மாவட்டத்தில் இராசபாளையத்தை ஒட்டிய செட்டியார்பட்டி ஒரு பேரூராட்சி. திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேரோட்டமும், சதுரகிரி ஆடி அமாவாசையும் இவ்வட்டாரத்துக்குப் பெருங்கூட்டத்தை வரவழைக்கின்றன. இங்கு ஒருவர் தம் வீட்டை நாள் வாடகைக்கு விட்டால், பொதுச் சுகாதாரச் சட்டப்படி விடுதிப் பதிவு தேவையா என்று பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். குடியிருப்புக்கும் வணிகப் பயன்பாட்டுக்கும் சொத்து வரி வேறுபடுவதால் அதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அயல்நாட்டார் தங்கினால் அவர்களைப் பற்றிய விவரங்களை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

குடிநீர், கழிவறை, தங்குவோர் எண்ணிக்கை ஆகியவை குறித்த பழைய விதிகள் பதிவேட்டுச் சடங்காகத் தோன்றலாம். ஆனால் ஒரு தெருவின் கிணறும் சாக்கடையும் எத்தனை பேரைத் தாங்கும் என்ற கேள்வியிலிருந்தே அவை பிறந்தன. ஒரே நாளில் பல ஆயிரம் பேர் வந்து செல்லும் திருவிழா ஊர்களில் அக்கேள்விக்கு முதலில் விடை சொல்ல வேண்டிய பொறுப்பு, 1939இல் போலவே இன்றும் உள்ளாட்சியிடமே உள்ளது.