தாத்தா கண்டுபிடித்த டயபர்

1950-களின் நடுப்பகுதி. விக்டர் மில்ஸுக்கு அறுபது வயது நெருங்குகிறது. பிறந்து சில மாதங்களே ஆன பேரக்குழந்தை அவர் பொறுப்பில் இருக்கிறது. குழந்தை துணியை நனைத்துவிட்டது. அவிழ்த்து, துடைத்து, வேறு துணி கட்டி நிமிர்வதற்குள் அதுவும் ஈரம். வாளி நிறைய அழுக்குத் துணி. தலைமுறை தலைமுறையாகத் தாய்மார்கள் முணுமுணுக்காமல் செய்த வேலை இது. தாத்தாவுக்கோ அறவே பிடிக்கவில்லை.

1897-ல் நெப்ராஸ்கா மாநிலத்தின் மில்ஃபோர்டில் பிறந்தவர் மில்ஸ். முதல் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றினார். பிறகு ஹவாயில் வெல்டர் வேலை பார்த்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படித்து முடித்தது 1926-ல்; அப்போது வயது 29. அதே ஆண்டில் சின்சினாட்டியின் 'புராக்டர் அண்ட் கேம்பிள்' சோப்புக் கம்பெனியில் சேர்ந்தார்.

அங்கே 'ஐவரி' சோப்பைப் பெரிய கொப்பரைகளில் நாள்கணக்கில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒரு கொப்பரை இறங்க வாரம் ஆகும். ஒரு பக்கம் கொழுப்பு போய்க்கொண்டே இருக்க, மறு பக்கம் சோப்பு வந்துகொண்டே இருக்கும்படி அதை மாற்றியமைத்தார் மில்ஸ். வாரக்கணக்கு மணிக்கணக்கானது. என்னைக் கேட்டால், பொறியாளராக அவருடைய ஆகப் பெரிய சாதனை இதுதான். உலகம் அவரை நினைப்பது என்னவோ டயபருக்காக.

1957-ல் கம்பெனி ஒரு காகித ஆலையை வாங்கியது. ஈரத்தை உறிஞ்சும் காகிதம் கைக்கு வந்ததும் மில்ஸுக்கு அந்த வாளி நினைவுக்கு வந்தது. ஒரு முறை கட்டித் தூக்கியெறியும் காகித டயபர் செய்யத் தன் குழுவை முடுக்கிவிட்டார். நனைக்கும் பொம்மைக்குக் கட்டிப் பார்த்தார்கள். குடும்பத்தோடு காரில் போன நெடும்பயணத்தில் பேரக்குழந்தைகளுக்கே கட்டிவிட்டார் தாத்தா.

முதல் வெள்ளோட்டம் டெக்சாஸின் டல்லாஸில். அந்த வெயிலில் டயபரோடு போட்ட பிளாஸ்டிக் ஜட்டிக்குள் குழந்தைகளின் தொடை வெந்து சிவந்தது. பெற்றோர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். திருத்தி, 1959-ல் 37,000 டயபர்களைக் கையாலேயே செய்து ரோசெஸ்டர் நகரில் கொடுத்தபோது தாய்மார்களுக்குப் பிடித்துப்போனது. 1961-ல் 'பாம்பர்ஸ்' என்ற பெயரில் பியோரியா நகரக் கடைகளுக்கு வந்தது. ஒன்று 10 சென்ட். வீட்டில் துவைத்தால் ஓரிரு சென்ட்தானே ஆகும்? சரக்கு தேங்கியது. இயந்திரங்களைச் சீராக்கி, விலையை 6 சென்ட்டுக்கு இறக்கிய பிறகுதான் ஓடத் தொடங்கியது.

அதற்குள் மில்ஸ் ஓய்வுபெற்றுவிட்டார். மலையேறுவதில் ஆசை கொண்ட மனிதர். நூறு வயது நிறைந்த பின், 1997 நவம்பரில் அரிசோனாவின் டூசானில் காலமானார்.