டப்ளின் பப்புகள்

அயர்லாந்துக் குடியரசின் தலைநகரான டப்ளினில், லிஃபி ஆற்றின் இரு கரையிலும் நூற்றுக்கணக்கான பப்புகள் உள்ளன. அவற்றில் பல விக்டோரியா காலத்து மரவேலைப்பாட்டையும் கண்ணாடிகளையும் இன்றுவரை காத்து வருகின்றன. எந்தப் பப்புக்குப் போனாலும் ஏறத்தாழ ஒரே பானங்கள்தாம் கிடைக்கும்: ஸ்டவுட் என்ற கறுத்த பீர், வேறு சில பீர் வகைகள், ஐரிஷ் விஸ்கி. வேறுபடுவது அறையும் அங்கே நடக்கும் பேச்சும்தான். ஆகவே இந்நகரில் எங்கே குடிக்கலாம் என்ற கேள்விக்கு விடை, எந்த அறையில் உட்காரலாம் என்பதைப் பொறுத்தது.

பழமையும் உரிமமும்

லோயர் பிரிட்ஜ் தெருவில் உள்ள பிரேசன் ஹெட், 1198 முதல் தான் இருந்து வருவதாகச் சுவரில் எழுதி வைத்திருக்கிறது. இன்று நிற்கும் கட்டடம் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1803இல் கிளர்ச்சி நடத்தித் தூக்கிலிடப்பட்ட ராபர்ட் எம்மெட் இங்கே தங்கியதாகவும் சொல்வார்கள். வயதுக் கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் ஆற்றங்கரையில் கல் பாவிய அதன் முற்றம் பார்க்கத் தகுந்தது.

டப்ளின் பப்பின் இன்றைய தோற்றம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உருவானது. அக்காலத்துப் பப் முதலாளிகள் பலர் மளிகைக் கடைக்காரர்களாகவும் இருந்தார்கள். ஒரே கல்லாவில் தேயிலையும் விற்கும், விஸ்கியும் விற்கும். பேகட் தெருவில் உள்ள டோனர்ஸில் மளிகைச் சாமான் போட்டு வைத்த சிறு இழுப்பறைகள் இன்றும் இருக்கின்றன. வியாபாரம் செழித்தபோது முதலாளிகள் போட்டி போட்டுக்கொண்டு மஹோகனி மரமும் பளிங்கும் வண்ணக் கண்ணாடியும் வைத்துக் கட்டினார்கள். பிறகு 1902ஆம் ஆண்டுச் சட்டம் புதிய உரிமங்களை ஏறத்தாழ நிறுத்திவிட்டது. இருக்கும் உரிமமே சொத்தானது. புதுக் கடைகளின் போட்டி குறைந்ததால் பழைய அறைகளை இடித்துப் புதுப்பிக்கும் அவசரமும் குறைந்தது. நகரம் இவ்வளவு பழைய உள்ளமைப்புகளைக் காப்பாற்றி வைத்திருப்பதில் அந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு.

கறுத்த பைன்ட்

1759இல் ஆர்தர் கின்னஸ், செயின்ட் ஜேம்ஸ் கேட் என்ற இடத்தில் இருந்த பழைய மதுவடிப்பாலை ஒன்றை ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில் 9,000 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்தார். அங்கிருந்து வரும் ஸ்டவுட்தான் நகரின் அடையாளம். அதன் மேல் நிற்கும் வெண்ணிற நுரைக்குக் காரணம் நைட்ரஜன். மைக்கேல் ஆஷ் என்ற கணித அறிஞர் கின்னஸ் நிறுவனத்தில் பல ஆண்டுகள் முயன்று, கார்பன் டை ஆக்சைடுடன் நைட்ரஜனையும் கலந்து பீப்பாயிலிருந்து ஊற்றும் முறையை உருவாக்கினார். 1959இல் அது விற்பனைக்கு வந்தது. நைட்ரஜன் திரவத்தில் எளிதில் கரையாது. அதனால் மிக நுண்ணிய குமிழிகள் உண்டாகி, நுரை பாலாடை போலத் திரண்டு நிற்கிறது.

ஊற்றுவதற்கும் முறை உண்டு. கண்ணாடிக் குவளையைச் சாய்த்துப் பிடித்து முக்கால் பங்கு நிரப்புவார்கள். குமிழிகள் அடங்கும் வரை அப்படியே வைப்பார்கள். பிறகு நிமிர்த்தி மீதியை நிரப்புவார்கள். இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். அவசரப்படுத்தினால் பார்மேனின் முகம் மாறும், அது நியாயமும்கூட. ஒரு பைன்ட் 568 மில்லிலிட்டர். பீப்பாயிலிருந்து குழாய்க்கு வரும் வழி சுத்தமாக இருப்பதும், ஸ்டவுட் வேகமாக விற்றுப் புதுப் பீப்பாய் அடிக்கடி மாறுவதும் ருசியைத் தீர்மானிக்கின்றன. எனவே உள்ளூர்க்காரர்கள் நிறையக் குடிக்கும் பப்பில்தான் ஸ்டவுட் நன்றாக இருக்கும். பூல்பெக் தெருவில் உள்ள மல்லிகன்ஸுக்கு இந்தப் பெயர் நெடுங்காலமாக உண்டு. 1854 முதல் அதே இடத்தில் இயங்கும் அந்தப் பப்பில்தான் ஜேம்ஸ் ஜாய்ஸ் 'டப்ளினர்ஸ்' தொகுப்புக் கதை ஒன்றில், மேசையில் முழங்கை ஊன்றிக் கைபலம் பார்க்கும் பந்தயத்தை நடத்தியிருக்கிறார்.

பார்க்க வேண்டிய அறைகள்

ஒரே ஒரு பப்புக்கு மட்டும் நேரம் இருப்பவர் டேம் கோர்ட் சந்தில் உள்ள ஸ்டாக்ஸ் ஹெட்டுக்குப் போகலாம். 1895இல் இன்றைய வடிவில் கட்டப்பட்டது. பளிங்குக் கவுண்டர், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், சுவரில் பெரிய மான்தலை. பகல் மூன்று மணிக்குச் சன்னல் வழியே வெளிச்சம் விழும்போது கூட்டம் இருக்காது. அறையை முழுதாகப் பார்க்க அதுவே ஏற்ற நேரம். அங்கிருந்து சில நிமிட நடையில் சவுத் கிரேட் ஜார்ஜஸ் தெருவில் லாங் ஹால் இருக்கிறது. நீண்ட ஒடுங்கிய அறை, சிவந்த கூரை, பழைய கடிகாரம், சரவிளக்குகள் என அதன் அலங்காரம் ஸ்டாக்ஸ் ஹெட்டைவிட அடர்த்தியானது. சவுத் ஆன் தெருவில் உள்ள கீயோஸில் மாடிக்கும் போகலாம். பழைய முதலாளி குடும்பத்தின் வீடாக இருந்த அறைகளில் இப்போது வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து குடிக்கிறார்கள். பார்க்கேட் தெருவில், ஹூஸ்டன் ரயில் நிலையத்துக்கு எதிர்க்கரையில் உள்ள ரயன்ஸும் விக்டோரியா அழகு குறையாத பப்.

டோனர்ஸ், கீயோஸ், ரயன்ஸ் மூன்றிலும் 'ஸ்னக்' என்ற தடுப்பறை உண்டு. நாலைந்து பேர் நெருங்கி உட்காரும் அளவுக்கு மரத்தடுப்பு வைத்த சிற்றறை அது. கவுண்டர் பக்கம் ஒரு சிறு திறப்பின் வழியே குவளைகள் வரும். பாதிரியாரும் போலீஸ்காரரும் பிறர் கண்ணில் படாமல் குடிக்க அது உதவியது. அதைவிட முக்கியமாக, பொது அறையில் பெண்கள் குடிப்பதை ஊர் ஏற்காத காலத்தில் அவர்களுக்கு அங்கேதான் இடம். 1970களிலும் பல பப்புகள் பெண்களுக்கு முழு பைன்ட் ஊற்ற மறுத்தன. பெண்ணிய எழுத்தாளர் நெல் மெக்காஃபர்ட்டியும் தோழிகளும் ஒரு பப்பில் வரிசையாகப் பிராந்தி வாங்கிக் குடித்துவிட்டு, கடைசியில் ஒரு பைன்ட் கின்னஸ் கேட்டபோது மறுக்கப்பட்டதாகவும், கேட்டது முழுவதும் வராததால் காசு கொடுக்க முடியாது என்று எழுந்து வந்ததாகவும் சொல்லப்படும் நிகழ்ச்சி அக்காலத்தியது. 2000ஆம் ஆண்டின் சம நிலைச் சட்டம் இத்தகைய மறுப்பைச் சட்டவிரோதமாக்கியது. ஸ்னக்கின் அழகை ரசிப்பவர் இந்த வரலாற்றையும் சேர்த்தே அறிய வேண்டும்.

எழுத்தாளர்கள்

ஜாய்ஸின் 'யுலிசீஸ்' நாவலில் லியோபோல்ட் புளூம் 1904 ஜூன் 16 அன்று டியூக் தெருவில் உள்ள டேவி பர்ன்ஸில் கொர்கொன்சோலா பாலாடைக்கட்டி சாண்ட்விச்சும் ஒரு கிளாஸ் பர்கண்டி ஒயினும் சாப்பிடுகிறான். ஆண்டுதோறும் அந்த நாளில் வாசகர்கள் அங்கே கூடி அதையே கேட்டு வாங்குகிறார்கள். டப்ளினை ஒரு பப்பையும் கடக்காமல் குறுக்கே கடப்பது நல்ல புதிர் என்ற எண்ணமும் அந்த நாவலில் வருகிறது. 1954இல், கதை நடந்த நாளின் ஐம்பதாம் ஆண்டில், பேட்ரிக் கேவனா, ஃபிளான் ஓ'பிரையன் முதலிய எழுத்தாளர்கள் குதிரை வண்டிகளில் புளூமின் வழியைப் பின்தொடரக் கிளம்பினார்கள். பயணம் முடியாமலே டியூக் தெருவின் பெய்லி பப்பில் நின்றுவிட்டது.

இவர்களும் பிரெண்டன் பீஹனும் அதிகம் உட்கார்ந்தது ஹாரி தெருவின் மெக்டெய்ட்ஸில். பத்திரிகைக்காரர்களுக்கு ஃபிளீட் தெருவின் பேலஸ் பார். 'ஐரிஷ் டைம்ஸ்' ஆசிரியர் ஸ்மைலி அங்கே தன் சபையை நடத்தினார். பிற்காலத்தில் கலைஞர் கூட்டம் சவுத் வில்லியம் தெருவின் க்ரோகன்ஸுக்கு நகர்ந்தது. அங்கே தொலைக்காட்சி இல்லை, இசை இல்லை. சுவரெல்லாம் உள்ளூர் ஓவியர்களின் படங்கள் விற்பனைக்கு மாட்டியிருக்கும். பன்றித் தொடைக்கறியும் பாலாடைக்கட்டியும் வைத்து வாட்டிய சாண்ட்விச் அங்கே பெயர் பெற்றது. பேச்சு கேட்க விரும்புகிறவருக்கு நகரின் நடுவில் இதைவிட நல்ல இடம் இல்லை.

இசையும் டெம்பிள் பாரும்

ஆற்றின் தென்கரையில் உள்ள டெம்பிள் பார் பகுதியை 1980களில் பேருந்து நிலையம் கட்டுவதற்காக அரசுப் போக்குவரத்து நிறுவனம் வாங்கத் தொடங்கியது. இடிக்கும்வரை குறைந்த வாடகைக்கு விட்ட கட்டடங்களில் ஓவியர்களும் சிறு கடைக்காரர்களும் குடியேறினார்கள். அதன் உயிரோட்டத்தைக் கண்ட அரசு, நிலையத் திட்டத்தைக் கைவிட்டு 1991இல் அதைப் பண்பாட்டுப் பகுதியாக வளர்க்க முன்வந்தது. இன்று அங்கே சுற்றுலாப் பயணிகளின் கூட்டமும் ஒலிபெருக்கி இசையும் நகரின் மற்ற இடங்களைவிட உயர்ந்த விலையும்தான் மிஞ்சியிருக்கின்றன. ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வேறிடத்தில் உட்காருவது நல்லது.

மெரியன் ரோவில் உள்ள ஓ'டொனஹூஸில்தான் ரோனி டிரூ, லூக் கெல்லி முதலியோர் கூடி வாசித்து, 1962இல் 'தி டப்ளினர்ஸ்' குழுவாக உருவானார்கள். இன்றைய மரபிசைக்கு ஸ்மித்ஃபீல்டில் உள்ள காபிள்ஸ்டோனுக்குப் போக வேண்டும். வயலின், புல்லாங்குழல், துருத்திக் குழாய் வாசிப்பவர்கள் மேடையின்றி ஒரு மூலையில் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். பக்கவாத்தியமின்றி ஒருவர் பாடத் தொடங்கினால் அறை முழுதும் அடங்கிவிடும். 2021இல் அந்த இடத்தைச் சுற்றி விடுதி கட்டும் திட்டம் வந்தபோது இசைக்கலைஞர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அவ்வாண்டு நவம்பரில் மாநகராட்சி அனுமதி மறுத்தது.

கிளாஸ்நெவின்

நகர மையத்துக்கு வடக்கே, கிளாஸ்நெவின் இடுகாட்டின் பழைய வாயிலை ஒட்டி 1833 முதல் இருக்கிறது ஜான் கேவனா பப். இடுகாடு திறந்தது அதற்கு முந்தைய ஆண்டு. குழி வெட்டுபவர்கள் வேலைக்கு நடுவே இங்கே வந்து குடித்ததால் 'கிரேவ்டிகர்ஸ்' என்றே எல்லோரும் அழைக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்துகிறது. தேய்ந்த மரத்தரை, தாழ்ந்த பலகைத் தடுப்புகள். தொலைக்காட்சியும் பாட்டும் கிடையாது. பன்றித் தொத்திறைச்சி, பன்றி இறைச்சித் துண்டுகள், உருளைக்கிழங்கு, வெங்காயம் சேர்த்து வேகவைத்த 'காடில்' என்ற டப்ளின் குழம்பு இங்கே கிடைக்கும். டேனியல் ஓ'கானல், மைக்கேல் காலின்ஸ் முதலிய அயர்லாந்துத் தலைவர்களின் கல்லறைகளைப் பார்த்துவிட்டு வருபவர்களும், இறுதிச் சடங்கு முடித்து வரும் குடும்பங்களும் அருகருகே உட்காருகிறார்கள். டப்ளினின் எல்லாப் பப்புகளிலும் இதுவே சிறந்தது என்று சொல்லத் தயக்கம் வேண்டியதில்லை.

வழக்கங்கள்

நண்பர்கள் சேர்ந்து போனால் முறைவைத்து எல்லோருக்கும் வாங்குவார்கள்; தன் முறை வரும்போது நழுவுவது பெரிய குறை. கவுண்டரில் வாங்கும்போது டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. திங்கள் முதல் வியாழன் வரை இரவு 11.30 வரையும், வெள்ளி, சனி இரவுகளில் 12.30 வரையும் ஊற்றுவார்கள். குவளையை முடிக்க மேலும் அரை மணி நேரம் உண்டு. 18 வயது நிரம்பாதவர்கள் இரவு 9 மணிக்கு மேல் இருக்கக் கூடாது. மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. 1927 முதல் பெரிய வெள்ளியன்று பப்புகள் மூடியிருந்தன; 2018இல் அந்தத் தடை நீங்கியது. பணியிடங்களில் புகைபிடிக்க 2004 மார்ச் 29 முதல் நாடு முழுதும் தடை உள்ளது. பப்புகளுக்கும் அது பொருந்தும். நாடு முழுவதற்கும் இப்படித் தடை விதித்த முதல் நாடு அயர்லாந்து.

குடிக்காதவர்களுக்கும் இந்நகரில் நீண்ட மரபு உண்டு. 1898இல் கார்டினர் தெருவின் புனித பிரான்சிஸ் சவேரியார் தேவாலயத்தில் பாதிரியார் ஜேம்ஸ் கல்லன் தொடங்கிய பயனியர் இயக்கத்தினர், மதுவை வாழ்நாள் முழுதும் தொடுவதில்லை என்று உறுதி எடுத்து, திரு இருதயச் சின்னத்தைச் சட்டையில் அணிந்தார்கள். அவர்களும் நண்பர்களோடு பப்பில் உட்கார்ந்தார்கள். இப்போது ஆல்கஹால் நீக்கிய கின்னஸ் பல பப்புகளில் கிடைக்கிறது; பகல் வேளையில் தேநீர் கேட்டாலும் பெரும்பாலான இடங்களில் கொண்டுவந்து தருவார்கள்.