கொற்றலை ஆற்றங்கரைக் கற்கள்

கல்லுக்கும் மண்ணுக்கும் மூத்த குடி என்று கவியரங்கந்தோறும் முழங்கிவருகிறோம். பத்தாண்டுகளாக நம் வட்டத்தின் மேடையில் அவ்வாறு முழங்கியவர்களுள் நானும் ஒருவன். ஆயினும், கே.ஜி.கண்டிகைக்குக் கிழக்கே ஒரு பகலில் சென்று திரும்பும் தொலைவில், மெய்யாகவே தொன்மையான கற்கள் கிடப்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். பிரான்சின் சோம் ஆற்றுப்படுகையில் கிடைத்த கற்கள் மனிதர் செய்தவையே என்று அறிஞர்கள் ஒப்பியது 1859-இல்தான். அச்செய்தியை அறிந்த கண்ணுக்கே சரளைக்கல் கருவியாகத் தெரிந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, வில்லியம் கிங்குடன் கொற்றலை (கொசஸ்தலை) ஆற்றுப் பகுதியின் அத்திரம்பாக்கத்தை அடைந்தார். அங்கே ஓடைக்கரையில் கைக்கோடரிகள் மிகுந்திருந்தன.

உடைந்த கல்லெல்லாம் கருவியாகிவிடாது. ஆறு உருட்டிய கல் மழுங்கும்; தற்செயலாக உடைந்த கல்லில் ஓர் ஒழுங்கு காண்பது அரிது. மனிதன் தட்டிய கல்லிலோ, அடி விழுந்த இடத்தருகே சிறு புடைப்பும், அதிலிருந்து குளத்து அலைபோல் விரியும் வளையங்களும் தோன்றும். செதில் பெயர்ந்த பள்ளங்கள் ஒன்றையொன்று தொட்டு, இருபுறமும் மாறி மாறி வந்து ஒரு விளிம்பை உண்டாக்கும். கையில் பிடிக்கும் பக்கத்தில் கூழாங்கல்லின் பழந்தோல் சில வேளை அப்படியே விடப்பட்டிருக்கும். அத்தோலைத் தடவும்போது, செய்தவன் எங்கே நிறுத்தினான் என்பது விரலுக்குப் புலப்படும். அதனினும் நயமான வரியை நான் எழுதியதில்லை.

1999 முதல் அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்தனர். மண்ணடியில் புதையுண்ட கல்லில் எஞ்சிய அலுமினியம், பெரிலியம் தனிமங்களின் அரிய வகைகளை அளந்து, அடிப்படைக் கருவிகளின் வயது சராசரி 15 லட்சம் ஆண்டுகள் என 2011-இல் அறிவித்தனர். மேலடுக்குகளில் செய்முறை மாறிச் சிறு செதிற்கருவிகள் பெருகியது ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என 2018-இல் வெளியிட்டனர்.

இங்கே நம் முழக்கம் சற்றுத் தயங்கவேண்டும். நம் மனித இனம் தோன்றியே ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. ஆகவே, அந்தப் பழங்கோடரிகளைச் செய்தவர் தமிழரல்லர். நம்மைப் போன்ற மனிதர்கூட அல்லர். அவர்தம் எலும்பும் அங்கே கிடைத்திலது. இதனால் பெருமை குறைந்ததாக நண்பர் ஒருவர் வருந்தினார். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பெயரில்லாதவர் ஆக்கிய பொருளை ரசிக்க உறவுமுறை எதற்கு?

மற்றொன்று சொல்லியாகவேண்டும். கல் கிடந்த மண்ணடுக்கே அதன் சாட்சி. பெயர்த்தெடுத்த கல் தன் காலத்தைச் சொல்லாது. இது தெரியாமல், பூண்டியில் 1985-இல் அமைந்த தொல்பழங்கால அருங்காட்சியகத்தைக் காணச் சென்ற நாளில், வழியில் ஓர் ஓடைக்கரையிலிருந்து ஒரு கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பல்லாண்டுகள் அது என் கவிதைத் தாள்கள் பறவாமல் காத்தது. தவறு உணர்ந்ததும், இருந்த இடத்தைக் காட்டி ஒப்படைக்கலாமென ஒரு ஞாயிறன்று எடுத்துச் சென்றேன். மூன்று ஓடைகளில் இறங்கி ஏறினேன். எந்தக் கரையில் எடுத்தேன் என்பது பிடிபடவில்லை.