கொல்லைப்புறத்து ஓக்: கார்னீலியஸ் ஜான்சன் மரத்தின் வரலாறு

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறினால், கேரள எல்லைக்கு அப்பால் ஏலத்தோட்டங்கள் தொடங்கிவிடும். அங்கே நிலக் கணக்கு வருவாய்த் துறையிடம், மரம் வனத்துறையிடம். ஏலமலைக் காப்புக்காடு பற்றி இன்றுவரை ஓயாத வழக்குகளின் முடிச்சு இந்த இரட்டை நிர்வாகத்தில்தான் இருக்கிறது. ஏலச்செடிக்கு நேர்வெயில் ஆகாது. அதனால் மழைக்காலத்துக்கு முன் கிளைகளைக் கவாத்து செய்வார்கள், மரத்தை விட்டுவைப்பார்கள். சட்டம் பாதி, தேவை பாதி என்று நிழல் மரங்கள் பிழைத்து நிற்கின்றன. ஒரு மரம் தலைமுறைகளைத் தாண்ட அதன் பெருமை மட்டும் போதாது. அது யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதே முக்கியம். ஏலமலை கற்றுத்தரும் இந்தக் கேள்வியை, விளையாட்டு வரலாற்றின் விசித்திரமான மரங்களான 1936 பெர்லின் ஒலிம்பிக் ஓக்குகளிடம் கேட்டுப் பார்க்கிறது இக்கட்டுரை.

அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர்களுக்குப் பதக்கத்தோடு, தொட்டியில் வைத்த ஓராண்டு ஓக் கன்று ஒன்றும் கொடுத்தார்கள். மொத்தம் சுமார் 130 கன்றுகள். ஓக் ஜெர்மானியரின் தேசிய அடையாளம். வெற்றியின் பெருமைக்காக வளர்ந்து மேலும் சாதிக்க அழைக்குமாறு மரத்துக்கே கட்டளையிடும் வாசகம் தொட்டியில் பொறித்திருந்தது. நாஜி அரசு தன் புகழைப் பரப்ப உலகெங்கும் அனுப்பிய கன்றுகள் இவை. அவற்றில் ஒன்று எந்த இனத்தை அந்த அரசு இழிவாகக் கருதியதோ அந்த இனத்து இளைஞனின் வீட்டுக் கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த இளைஞன், லாஸ் ஏஞ்சலிஸில் 1913-இல் பிறந்த கறுப்பின உயரம் தாண்டும் வீரர் கார்னீலியஸ் ஜான்சன். சொந்த ஊரில் நடந்த 1932 ஒலிம்பிக்கில், 18 வயதில், வென்றவர் தாண்டிய அதே 1.97 மீட்டரைத் தானும் தாண்டினார். சமன் முறிக்கும் சுற்றில் நான்காம் இடம்தான் கிடைத்தது. 1936 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த தேர்வுப் போட்டியில் 2.07 மீட்டர் தாண்டி, டேவ் ஆல்பிரிட்டனுடன் சேர்ந்து உலக சாதனை படைத்தார். ஆகஸ்ட் 2 அன்று பெர்லினில் 2.03 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார்.

தடகளத்தின் முதல் நாள் அது. அன்று ஜெர்மனி, பின்லாந்து வெற்றியாளர்களை ஹிட்லர் தன் மாடத்துக்கு வரவழைத்துக் கைகுலுக்கினார். உயரம் தாண்டுதல் பரிசளிப்புக்கு முன் அரங்கிலிருந்து கிளம்பிவிட்டார். வாழ்த்தினால் எல்லோரையும் வாழ்த்துங்கள், இல்லையேல் யாரையும் வேண்டாம் என்று ஒலிம்பிக் குழுத் தலைவர் சொன்ன பிறகு, பொதுவில் வாழ்த்துவதையே நிறுத்திக்கொண்டார். இன்னொரு கறுப்பின அமெரிக்கரான ஓட்டவீரர் ஜெசி ஓவன்ஸ் தம் முதல் தங்கத்தை வென்றது மறுநாள்தான். ஆனாலும் ஹிட்லர் கைகொடுக்க மறுத்த வீரர் ஓவன்ஸ் என்றே உலகம் கதை சொல்லிவருகிறது. ஜான்சனுக்கு நேர்ந்த அவமதிப்புகூட அவர் பெயரில் நிற்கவில்லை.

பிற கன்றுகளின் கதி என்ன? மாரத்தான் வென்ற கொரியர் சோன் கீ-ஜங், தம் நாட்டை அடிமைப்படுத்தியிருந்த ஜப்பானின் சட்டையோடு மேடையில் நின்றார். தலை குனிந்தபடி, கையிலிருந்த கன்றை மார்போடு சேர்த்துப் பிடித்து ஜப்பான் கொடியை மறைத்துக்கொண்டார். அவர் படித்த சியோல் பள்ளியின் வளாகத்தில் நட்ட மரம் நகரத்தின் நினைவுச்சின்னமாகி, அந்த இடமும் அவர் பெயரில் பூங்காவாகிவிட்டது. நியூசிலாந்தின் ஜாக் லவ்லாக் பெற்ற மரம் திமாரு ஆண்கள் பள்ளியில் நிற்கிறது. 800 மீட்டர் வென்ற ஜான் உட்ரஃபின் மரம் பென்சில்வேனியாவில் கானல்ஸ்வில் ஊரின் விளையாட்டரங்கில் நிற்கிறது. நடைப்போட்டி வீரர் ஹரோல்ட் விட்லாக்கின் மரம் லண்டன் ஹெண்டன் பள்ளியில் இருந்தது. பூஞ்சை அரித்ததால் 2007-இல் அகற்றினார்கள். இவை எல்லாம் பொது இடத்து மரங்கள். நோய் வந்தாலும் கவனிக்க ஒரு நிறுவனம் இருந்தது.

ஜான்சனின் மரத்துக்கு அப்படி யாரும் இல்லை. குடும்பத்தார் வசித்த வீட்டின் பின்புறத்தில் நட்டார். தங்கப் பதக்கம் சோறு போடவில்லை. அஞ்சல் துறையில் வேலை பார்த்தார், பிறகு வணிகக் கப்பலில் ரொட்டி சுடும் வேலைக்குப் போனார். 1946 பிப்ரவரியில், கடற்பயணத்தின்போது நிமோனியா கண்டு, 32 வயதில் இறந்தார். வீடு கைமாறியது. சுற்றுவட்டாரம் கொரியாடவுன் ஆனது. ஐரோப்பியக் குளிர்நிலத்து மரம் கலிபோர்னியாவின் மழையற்ற கோடைகளைத் தாங்கி வளர்ந்தது. நட்டவர் யாரென்று தெரியாதவர்களும் அதை வெட்டாமல் விட்டதால்தான் அது நிலைத்தது. என் பார்வையில், இந்த வரலாற்றில் அதிகம் பேசப்பட வேண்டியவர்கள் பெயர் தெரியாத அந்தக் குடியிருப்பாளர்களே.

ஜான்சனை மூடிய மறதி கறுப்பினத்தவருக்கு மட்டும் உரியதல்ல. பெர்லினில் ஜான்சன் தாண்டிய அதே 2.03 மீட்டரை 1958-இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் தாண்டி, இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கம் வாங்கித் தந்தவர் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். அவர் படித்ததும் ஜான்சனின் ஊரான லாஸ் ஏஞ்சலிஸில்தான், அங்குள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில். தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

ஜான்சனின் மரத்தை மீண்டும் பேசவைத்தவர் ஜெர்மானியக் கலைஞர் கிறிஸ்டியன் கோஸ்மாஸ் மாயர். அதன் திசுவிலிருந்து புதுக்கன்றுகள் உண்டாக்கும் முயற்சியையே தம் கலைப்படைப்பாக்கினார். பிறகு மரபுச் சின்னப் பாதுகாப்பு அமைப்புகள் குரல் கொடுத்தன. 2022-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் மரத்தை வரலாற்றுப் பண்பாட்டுச் சின்னமாக அறிவித்தது. கன்று நட்டு 86 ஆண்டுகள் கழித்து. இந்த அறிவிப்பின் வலிமைக்கும் அளவுண்டு. சின்னம் ஒன்றை அகற்ற உரிமையாளர் விண்ணப்பித்தால், நகரத்தின் பண்பாட்டு ஆணையம் 180 நாள் தடுத்துவைக்கலாம், நகரமன்றம் இன்னொரு 180 நாள் நீட்டிக்கலாம். அதற்குமேல் தடுக்க அந்தச் சட்டத்தில் வழியில்லை.