மச்சம்: மணிமுத்தாற்றங்கரையில் வெட்டி எடுத்த பொன்

மச்சம் என்றால் இன்று நமக்கு உடம்பிலுள்ள கரும்புள்ளி. திருமாலின் முதல் அவதாரத்தை நினைப்பவர்களுக்கு மீன். இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அகராதியில் ஒதுங்கிக் கிடக்கும் அந்தப் பொருளுக்கும் விருத்தாசலத்துக்கும் நெருங்கிய உறவு.

விருத்தாசலத்தின் பழைய பெயர் முதுகுன்றம். சுந்தரர் அங்கே பாடி 12,000 பொன் பெற்றார் என்கிறது பெரியபுராணம். அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளும்படி இறைவன் கட்டளை. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பேச்சோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை இதுதான். அதற்குள்ளே சேக்கிழார் வைத்த ஒரு நுணுக்கம் பலர் கண்ணில் படுவதில்லை. பொன்னை ஆற்றில் விடுமுன் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தம்மிடம் வைத்துக்கொள்கிறார் சுந்தரர். அந்தத் துண்டுக்குப் பெயர் மச்சம்.

திருவாரூரில் பொன் கிடைத்தது. உரைத்துப் பார்த்தால் மச்சத்தைவிட மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடி பாடிய பிறகே தரம் ஒத்தது. கமலாலயக் குளக்கரையில் மாற்றுரைத்த பிள்ளையார் என்று ஒரு பிள்ளையார் இருப்பதும் இந்தக் கதையை ஒட்டித்தான்.

அற்புதத்தை நம்புவது அவரவர் விருப்பம். ஆனால் ஒன்று உறுதி. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் மச்சம் என்று சொன்னபோது கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பொருளைக் கைவிட்டு அனுப்புமுன் ஒரு துண்டை எடுத்து வைப்பது அன்றாட வழக்கம். தெலுங்கில் இந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. மாதிரிக்கு என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் ‘மச்சுக்கு’ என்கிறார்கள்.

மச்சம் வேலை செய்யும் விதத்தைப் பொன் ஆசாரியின் பட்டறையில் பார்க்கலாம். கறுப்பு உரைகல்லில் தரம் தெரிந்த பொன்னால் ஒரு கோடு இழுப்பார். பக்கத்திலேயே வந்த பொன்னால் இன்னொரு கோடு. இரண்டின் நிறத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத் தரத்தைச் சொல்வார். அந்தத் தரத்தின் அளவுதான் மாற்று. பத்தரை மாற்று என்றால் அதற்கு மேல் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளும் தண்டவாணி என்ற தரப்பொன்னை வைத்து, அதற்குக் கால் மாற்றுக் குறைந்த பொன் என்பது போலக் கணக்கு எழுதுகின்றன. அளவு என்பது எப்போதும் ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். பக்கத்தில் வைக்கப்படுவது எது என்பதே கேள்வி.

உலகம் முழுமைக்கும் அப்படி ஒரு மச்சம் இருந்தது. பாரிஸை அடுத்த செவ்ர் ஊரில், பிளாட்டினமும் இரிடியமும் கலந்த ஓர் உருளை. உயரமும் விட்டமும் ஏறக்குறைய 39 மில்லிமீட்டர். 1889 முதல் அதுதான் ஒரு கிலோகிராம். நாடுகளுக்கு அதன் படிகள் போயின. இந்தியாவின் படி, 57-ஆம் எண், டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. நூறாண்டுக்குப் பிறகு ஒப்பிட்டபோது மூலத்துக்கும் பல படிகளுக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் வேறுபாடு வந்திருந்தது. மூலம் தேய்ந்ததா, படிகள் கனத்தனவா? சொல்ல வழியில்லை. சட்டப்படி மூலம் தவறவே முடியாது. திருவாரூரில் குறை கண்டபோது யாரும் மச்சத்தைச் சந்தேகிக்கவில்லை என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 2019 மே 20 முதல் அந்த உருளைக்கு ஓய்வு. தேயாத, களவு போகாத இயற்கை மாறிலி ஒன்று, பிளாங்க் மாறிலி, கிலோகிராமை வரையறுக்கும் பொறுப்பை ஏற்றது.

எல்லா மச்சமும் ஓய்வு பெற்றுவிடவில்லை. விருத்தாசலம் இன்று செராமிக் ஊர். அந்தத் தொழிலிலேயே ஒன்று உண்டு. பெர்லினில் ஹெர்மன் ஸேகர் 1886-இல் வகுத்த சூளைக்கூம்பு அது. விரலளவு முக்கோணக் கூம்பு. அதன் கலவை முன்கூட்டியே தெரிந்தது. சற்றே சாய்த்து நிறுத்திச் சூளைக்குள் சரக்கோடு வைத்து, பார்வைத் துளை வழியே கவனிப்பார்கள். குறித்த அளவு வெந்ததும் நுனி மெல்லக் குனிந்து அடியைத் தொடும். வெப்பமானி டிகிரியைத்தான் சொல்லும். கூம்பு, மண் எவ்வளவு வெந்தது என்பதையே சொல்லும், ஏனெனில் அதுவும் கூடவே வெந்த மண்.

டெல்லி ஆய்வகம் மும்பை நாணயச்சாலையோடும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தோடும் சேர்ந்து, 9999 தூய்மையுள்ள தரப்பொன் ஒன்றை உருவாக்கியிருக்கிறது. நகைக்கடைப் பொன்னைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்களுக்கு அதுவே ஒப்பு. பாரதிய நிர்தேசக் திரவ்யா என்று அதற்கு வடமொழிப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். தமிழில் எழுதுவோர் ‘சான்றளிக்கப்பட்ட மேற்கோள் பொருள்’ என்று மொழிபெயர்த்துத் திணறுகிறார்கள். பாடநூல் எழுதுவோரும் கலைச்சொல் தொகுப்போரும் முதுகுன்றத்துக் கதையை ஒருமுறை படிக்கட்டும். மச்சம் என்றே எழுதட்டும்.