கினி பன்றியின் பற்று வரவு

உங்கள் மேஜை மேல் ஒரு ஏ4 தாள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நம் நாட்டு ஆய்வுக்கூட நெறிமுறைகளின்படி, 350 கிராமைத் தாண்டிய ஒரு கினி பன்றிக்குத் தலைக்கு ஒதுக்க வேண்டிய குறைந்தபட்ச இடம் சுமார் 650 சதுர சென்டிமீட்டர். அதாவது, அந்தத் தாளைவிடக் கொஞ்சூண்டு பெரிசு. கூண்டின் உயரம் 18 சென்டிமீட்டர். அவ்வளவுதான் வீடு.

அப்படியொன்றும் பாவம் செய்த பிராணி இல்லை அது. பெயரில்தான் பன்றி, உண்மையில் எலி, அணில் மாதிரி கொறிக்கிற ஜாதி. ஆப்பிரிக்காவின் கினியாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை.

அங்கே பல்லாயிரம் ஆண்டுகளாக அதற்குக் கூண்டே கிடையாது. ஏழைக் குடியானவனின் சமையலறைத் தரைதான் வீடு. அடுப்புச் சூட்டில் குளிர் காயும். கீழே விழுகிற தழையைத் தின்னும். ஆள் வந்தால் மண்சுவர்ப் பொந்துக்குள் ஓடிவிடும். நம் கிராமங்களில் கோழி வளர்க்கிற மாதிரிதான். விருந்தாளி வந்தால் கோழிக்கு என்ன கதியோ, அதே கதி இதற்கும். பெருவின் கூஸ்கோ தேவாலயத்தில் 18-ம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று இருக்கிறது. இயேசுவின் கடைசி விருந்து. நடுத்தட்டில் மல்லாந்து கிடப்பது கினி பன்றி என்கிறார்கள்!

16-ம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வந்தார்கள். தங்கத்தோடு இதையும் கப்பலேற்றினார்கள். ஐரோப்பாவில் முதலில் செல்லப்பிராணி. அப்புறம்தான் வந்தது வினை.

1782-83 குளிர்காலத்தில் பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியே, லாப்லாஸுடன் சேர்ந்து ஒரு கினி பன்றியைப் பாத்திரத்தில் வைத்து, சுற்றிலும் ஐஸைக் கொட்டினார். அதன் உடல் சூட்டில் எவ்வளவு ஐஸ் உருகுகிறது என்று அளந்தார். சுவாசம் என்பதும் மெதுவாக எரிகிற நெருப்புதான் என்று உலகத்துக்குச் சொன்னார். 1882-ல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியை நிரூபித்தபோது, ஊசி வாங்கிக்கொண்டு செத்தவை கினி பன்றிகள். 1907-ல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் வெறும் தானியத்தைப் போட்டு இவற்றுக்கு ஸ்கர்வி நோயை வரவழைத்தார்கள். வைட்டமின் சி கதைக்கே அதுதான் வழி திறந்தது. மனிதனைப் போலவே கினி பன்றியின் உடம்பும் அந்த வைட்டமினைத் தானே தயாரித்துக்கொள்ளாது. நமக்கும் அதற்கும் ஒரே குறை!

வரவுப் பக்கம் இன்னும் நிறைய உண்டு. அதில் ஒரு வரி, நம் வேலூர்ப் பக்கத்துக்கானது.

ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. 2019-ல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டாலும், தோல் என்றால் இது ஒரே ஊர்தான். தோல் இருக்கிற இடத்தில் தோலோடு சேர்ந்து வருகிற ஒரு பயமும் உண்டு. அடைப்பான். ஆங்கிலத்தில் ஆந்த்ராக்ஸ். செத்த மாட்டை உரிக்கிறவன் கையில் கறுத்த புண்ணாக வரும். கிருமி மூச்சில் போனால் ஆள் பிழைப்பது கஷ்டம். மண்ணில் விழுந்த இதன் வித்து பல பத்தாண்டுகள் சாகாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இந்த நோயாளிகளைப் பார்த்து, பதிவும் செய்திருக்கிறார்கள்.

தோலைத் தொடுகிறவன் பிழைக்க வேண்டுமானால், முதலில் மாடு பிழைக்க வேண்டும். ராணிப்பேட்டையில் 1932-ல் சீரம் நிலையமாகத் தொடங்கி, இன்று கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையமாக இருக்கும் அரசு நிறுவனம் தயாரிக்கும் மருந்துகளில் அடைப்பான் தடுப்பூசியும் ஒன்று. அந்த ஊசி மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு உலகம் காலங்காலமாக நம்பியது யாரை? கினி பன்றியை. சிலதுக்குத் தடுப்பூசி போடுவார்கள். சிலதுக்குப் போட மாட்டார்கள். பிறகு எல்லாவற்றுக்கும் கொல்லும் கிருமியை ஏற்றுவார்கள். முதல் கூட்டம் பிழைத்து, இரண்டாம் கூட்டம் செத்தால் மருந்து பாஸ். தோல் மண்டியில் ஒருவர் நிம்மதியாகக் கை வைக்கிறார் என்றால், அதன் பின்னால் இந்த இரண்டாம் கூட்டமும் இருக்கிறது.

சரி, பற்றுப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறோம்?

இன்று இதைச் செல்லப்பிராணிக் கடையில் வாங்கி, கம்பிக் கூண்டோடு மொட்டை மாடி ஆஸ்பெஸ்டாஸுக்கு அடியில் வைத்துவிடுகிறோம். ஆய்வுக்கூடத்தில்கூட 18 முதல் 29 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். வேலூரில் அக்னி நட்சத்திரத்தின்போது 40-ஐத் தாண்டும். மலைநாட்டுப் பிராணி எப்படித் தாங்கும்?

இதற்குக் காசு வேண்டாம், கொஞ்சம் ஆண்டிஸ் புத்தி போதும். வேப்பமரத்தடி மாதிரி நாள் முழுக்க நிழலுள்ள இடம். பெருச்சாளி தோண்டாமலிருக்கத் தரையிலும் செங்கல். மழைத்தண்ணீர் ஏறாதபடி ஒரு சாண் உயரம். சுற்றிலும் பழைய செங்கல் நாலு வரிசை. பூனை, கீரி, பாம்புக்குப் பயந்து மேலே நெருக்கமான, கெட்டியான கம்பி வலை. அதற்கு மேல் தென்னங்கீற்று. தகரம் வேண்டவே வேண்டாம். விளிம்பு உடைந்த மண்பானையைப் படுக்க வைத்தால் அதுதான் பொந்து. உச்சி வெயிலில் கீற்றின் மேல் ஈரச்சாக்கு. கீழே காய்ந்த வைக்கோல். இலவசமாகக் கிடைக்கிறதே என்று டேனரியிலிருந்து தோல் தூளை அள்ளி வந்து பரப்பாதீர்கள். அதில் குரோமியம் இருக்கும். தோல் கழிவு இந்த மண்ணை என்ன செய்தது என்பதற்கு, வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட் தந்த தீர்ப்பே சாட்சி.

சாப்பாட்டுக்குப் புல், கொத்தமல்லித் தழை, ஒரு துண்டு கொய்யா. தனியாக விட்டால் ஏங்கும், இரண்டாக வளருங்கள். இரண்டும் பெண்ணாக இருக்கட்டும். இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் குட்டிகளுக்கு இடம் தேட வேண்டியிருக்கும்.

நாலடிக்கு இரண்டரை அடி இருந்தால் இரண்டுக்கும் தாராளம். ஏ4 கணக்கில் பார்த்தால் சுமார் பதினைந்து தாள். இருநூறு வருஷத்துக் கடன் இதில் அடைந்துவிடாது. வட்டியாவது கட்டின மாதிரி இருக்கும்.